தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

உக்குவளை
12.2.1962

அன்புள்ள மஹ்ரூப் நாநாவுக்கு,

தங்கை றாபியாவின் ஸலாம். நானும் இரண்டு பெண் பிள்ளைகளும் அல்லாஹ்வின் காவலில் இருக்கிறோம். நாச்சியா மதினியின் மூட்டுவலி எப்படி? அந்த வலியோடும் நோன்பு பிடிக்கிறார்களா?

பிள்ளைகளின் வாப்பா கண்ணை மூடி மௌத்தாகிப் பதினெட்டு நாள். இத்தா முடிய இன்னும் மூன்றரை மாதத்துக்கு மேல் கிடக்கிறது. நான்கு மாதமும் பத்து நாளும் வாசற்படியைத் தாண்டாமல், வெளி ஆண் முகம் பார்க்காமல் இருக்கவேண்டும். ஜன்னலுக்கும் ஒரு வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்டார்கள். நான் சும்மா இருக்கிற ஆளா நாநா? அடுத்த வீட்டுக் குசினியில் என்ன கறி என்று வாசத்தை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஸக்கரியா மச்சான் திரைக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். "தம்பி பாறூக்குட புள்ளைகள் எங்கட புள்ளைகள்தான். பின்னறையில காலத்துக்கும் இருங்க. ஆனா ஸுலைஹாட படிப்ப இந்த வருஷத்தோட நிப்பாட்டணும். இத்தா முடிஞ்சதும் பதில் சொல்லு" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளை, சீனி சுற்றி வருகிற கடதாசியைக்கூட விரித்து வாசிக்கிற பிள்ளை, அதை எப்படி அடுப்படியில் உட்காரவைப்பேன்?

ஜனாஸாவை அடக்க வந்தபோது நீங்கள் சொன்னீர்கள்: "வெள்ளவத்தைக்கு வந்துடு, ரெண்டு அறை சும்மா கிடக்குது, பொம்பளப் புள்ளைகள் ஸ்கூலும் கிட்ட." மனது அங்கேதான் நிற்கிறது. பயமும் இருக்கிறது. கடற்கரை ஊர். நான் கடலையே கண்டதில்லை. பீபிக்கு ஆறு வயது, தண்ணீரைக் கண்டால் நிற்கமாட்டாள். சுதுகங்கையில் இரண்டு தடவை தலைமயிரைப் பிடித்து இழுத்தெடுத்திருக்கிறேன்.

என்னால் வந்து பார்க்க முடியாது. நீங்கள்தான் பார்த்து எழுதவேண்டும். கடல் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? ஆட்கள் எப்படி? ஒன்றையும் மறைக்காதீர்கள்.

உங்கள் பதிலுக்கு ஜன்னலுக்குப் பின்னால் காத்திருக்கும்,
றாபியா


வெள்ளவத்தை
19.2.1962

அன்புத் தங்கை றாபியாவுக்கு,

அலைக்குமுஸ்ஸலாம். நானும் மதினியும் நலம். அவளுடைய மூட்டு, கடற்காற்றுக்கு இன்னும் கொஞ்சம் முணுமுணுக்கிறது. பிள்ளைகளுக்கு என் துஆ.

நீ கேட்டதற்கெல்லாம் தெளிவாக எழுதுகிறேன். காலி வீதியில் என் மணிக்கூட்டுக் கடை. அங்கிருந்து எங்கள் லேன் நேரே கடலுக்கு இறங்குகிறது. லேன் முடிகிற இடத்தில் ரயில் தண்டவாளம். அதைத் தாண்டினால் கற்பாறைகளும் மணலும், அப்புறம் கடல். வீட்டிலிருந்து நூற்றி எண்பது அடி எடுத்துவைத்தால் தண்டவாளம். நானே எண்ணினேன்.

இடம் மிகவும் பாதுகாப்பானது. சிங்களவர், தமிழர், நம்மவர், பறங்கியர் எல்லாரும் கலந்திருக்கிறார்கள். சண்டை சச்சரவு கிடையாது. ஒன்பது வருஷமாக இருக்கிற நான் சொல்கிறேன், பயப்பட ஒன்றுமே இல்லை. பெண்கள் பாடசாலைக்குப் பிள்ளை பத்து நிமிஷத்தில் நடந்துபோகலாம். தலைமை ஆசிரியையிடமும் பேசிவிட்டேன். இடம் இருக்கிறதாம்.

மனதை அலட்டிக்கொள்ளாதே.

உன் நாநா,
மஹ்ரூப்


உக்குவளை
3.3.1962

அன்புள்ள நாநாவுக்கு ஸலாம்.

பாடசாலைச் செய்தியைக் கேட்டு ஸுலைஹா துள்ளிக் குதித்தாள். நோன்பு வைத்துக்கொண்டு குதிக்காதே என்று ஏசினேன். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும். மதினிக்குக் கொஞ்சம் ஜாதிக்காய்த் தைலம் அனுப்பியிருக்கிறேன், மூட்டில் தேய்க்கச் சொல்லுங்கள்.

கோபிக்கவேண்டாம், உங்கள் கடிதம் வீடு விற்கிற தரகர் எழுதியதுபோல இருந்தது. பயப்பட ஒன்றுமே இல்லாத இடம் எங்கே இருக்கிறது? இந்த வீட்டிலேயே கிணறு இருக்கிறது, பின்வேலியில் பாம்பு இருக்கிறது. எனக்கு விபரம் வேண்டும். தண்டவாளத்தில் ஆளை மறிக்கப் படலை உண்டா? ரயில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் போகிறது? மணலில் குடிக்கிறவர்கள் உட்காருகிறார்களா? கடல் எல்லா மாதமும் ஒரே மாதிரிதானா? தண்ணீர் சூடா, குளிரா? ஆற்றில் என்றால் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் பள்ளம் என்று எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். கடலில் பள்ளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. ஐம்பத்தெட்டில் கொழும்பில் தமிழாட்களை அடித்து, வீடுகளைக் கொளுத்தினார்களே, அப்போது உங்கள் லேனில் என்ன நடந்தது? நாங்கள் தமிழ் பேசுகிற ஆட்கள். வீட்டில் ஆம்பிளை இல்லாத நேரம் ஒன்று நடந்தால் அக்கம்பக்கத்தில் கதவைத் திறப்பார்களா? இதை மட்டும் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறவள்,
றாபியா


வெள்ளவத்தை
20.3.1962

அன்புத் தங்கைக்கு,

பெருநாள் ஸலாம். இம்முறை உன் வீட்டுப் பெருநாள் எப்படிக் கழிந்திருக்கும் என்று மதினியும் நானும் அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தோம். பாறூக் மச்சானுக்காக யாஸீன் ஓதினோம். உன் தைலத்தால் மதினி படி ஏறுகிறாள்.

தண்டவாளத்துக்குப் படலை இல்லை. ரயில் நிறையப் போகும், ஆனால் தூரத்திலேயே சத்தம் கேட்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் குடித்துவிட்டு உட்காருவார்கள், மற்ற நாளில் இல்லை. கடலைப்பற்றி உனக்காக நன்றாக விசாரித்தேன். அலை உயரமாக வந்து அடிக்கிற இடம்தான் ஆபத்து. ஆனால் பாறைகளுக்கு நடுவே ஓரிடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக நுரைத்து உடையும், நடுவில் மட்டும் தண்ணீர் அலையே இல்லாமல் கறுப்பாக அமைதியாகக் கிடக்கும். நம் சுதுகங்கையில் நீங்கள் எல்லாரும் குளிக்கிற மடுவைப்போல. பீபி குளிப்பதென்றால் அங்கே குளிக்கலாம். அல்லாஹ்வே பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவைத்ததுபோல.

வேறு விசேஷமில்லை. கடையில் வேலை அதிகம்.

நாநா,
மஹ்ரூப்


உக்குவளை
29.3.1962

அன்புள்ள நாநாவுக்கு,

இங்கே சுகம், அங்கேயும் அப்படியே ஆகட்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் ஏழு கேள்வி கேட்டேன், நீங்கள் நாலுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் சூடா குளிரா என்பதற்குப் பதிலில்லை. ஒன்பது வருஷம் கடலோரத்தில் இருக்கிற ஆளுக்கு அது தெரியாதா? நாநா, மெய்யைச் சொல்லுங்கள், நீங்கள் அந்தக் கடலில் கால் நனைத்திருக்கிறீர்களா? ஒற்றைக் கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடையில் உட்கார்ந்து, மணிக்கூடு திருத்த வந்தவர்களிடம் கேட்டு எழுதுகிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அந்த அமைதியான இடம் நல்லதாகத்தான் தெரிகிறது. ஆனால் கேட்டு எழுதியது போதாது. நீங்களே முழங்கால் அளவு இறங்கிப் பார்த்து, அடியில் மணலா கல்லா என்று எழுதுங்கள். பீபியை அனுப்பப்போவது உங்கள் வார்த்தையை நம்பித்தான்.

ஐம்பத்தெட்டைப்பற்றியும் நீங்கள் வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டீர்களா?

அன்பும் தொல்லையும் ஒன்றாக அனுப்பும்,
றாபியா


உக்குவளை
24.4.1962

நாநாவுக்கு ஸலாம்.

கடிதம் போட்டு நாலு வாரம். பதிலே இல்லை. ஸுலைஹா தினமும் தபால்காரருக்குப் பின்னால் ஓடுகிறாள். நான் எழுதியதில் கோபமா? என் வாய் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியுமே.

மச்சான் நேற்று மறுபடி கேட்டார். "உங்கட நாநா இப்ப எழுதுறதும் இல்லியே" என்றார். சுகமா என்ற ஒரு வரியாவது எழுதுங்கள்.

றாபியா


வெள்ளவத்தை
28.4.1962

அன்புள்ள மதினி றாபியாவுக்கு நாச்சியா எழுதுவது.

முதலில் சொல்லிவிடுகிறேன், உங்கள் நாநா உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். பயப்படாமல் வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். "தங்கச்சி கேட்டிருக்கா, பாத்துட்டு வாறேன்" என்றார். அந்த அமைதியான இடத்தில் முழங்காலளவு இறங்கியிருக்கிறார். அப்புறம் இடுப்பளவு. பிறகு காலுக்குக் கீழே தரையே இல்லையாம். தண்ணீர் அவரைக் கரைக்குத் தள்ளாமல் உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மீன்காரர் ஒருவர் கட்டுமரத்தோடு போய்த் தூக்கியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பத்து நாள். நெஞ்சில் சளி கட்டி இன்னும் இருமல்.

அந்த மீன்காரர் என்னிடம் சொன்னார்: அலை உடையாமல் அமைதியாகத் தெரிகிற இடம்தான் இழுக்கிற இடமாம். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகுமாம். இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியுமாம். மலைநாட்டு ஆட்கள்தான் ஆற்றைப் பார்க்கிற கண்ணோடு வந்து அதற்குள் இறங்குவார்களாம்.

உங்களுக்கு எழுதக்கூடாது என்று என்னைத் தடுத்தார். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன். முன்பெல்லாம் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அந்தப் பாறையில் போய் உட்காருவார். ஐம்பத்தெட்டுக்குப் பிறகு நாலு வருஷமாக அந்தத் தண்டவாளத்தைத் தாண்டியதே இல்லை. கலவரம் நடந்தபோது நான் உம்மா வீட்டில் இருந்தேன். ஏன் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன், எழுந்து போய்விடுவார். உங்களுக்காகத்தான் தாண்டினார்.

பிள்ளைகளை அணைத்து முத்தமிட்டதாகச் சொல்லுங்கள்.

நாச்சியா


உக்குவளை
2.5.1962

என் நாநாவுக்கு,

நான் பாவி. முழங்கால் அளவு இறங்கிப் பாருங்கள் என்று எழுதிய இந்தக் கையை என்ன செய்வது? ஒரு நாள் முழுக்க அழுதேன். ஸுலைஹா பயந்துபோய் மச்சானைக் கூப்பிட்டு வந்தாள். அவர் திரைக்கு வெளியே நின்று "மஹ்ரூப் நாநாக்கு ஒண்ணும் ஆகல்லதானே, அழாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வாப்பா மௌத்தான பிறகு எனக்கு வாப்பாவாக இருந்தது நீங்கள். உங்களையும் இழந்திருந்தால்?

மன்னித்துக்கொள்ளுங்கள். இருமலுக்குக் கொத்தமல்லியும் திப்பிலியும் அவித்துக் குடியுங்கள்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடி ஒன்றைக் கேட்கிறேன், வேறு வழியில்லை. அந்தப் பாறையில் ஏன் போய் உட்காருவதில்லை? ஐம்பத்தெட்டில் என்ன நடந்தது? கடல் எப்படியென்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. லேன் எப்படியென்று இன்னும் தெரியாது. தெரியாத இடத்துக்குப் பெண் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டேன். இன்னும் முப்பது நாள்தான் இருக்கிறது.

உங்கள் உயிருக்காக அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லும்,
றாபியா


வெள்ளவத்தை
11.5.1962

றாபியா,

ஸலாம். இருமல் பரவாயில்லை. உன்மேல் எனக்குக் கோபமே இல்லை, அழாதே.

நாலு நாளாக இதை எழுதிக் கிழிக்கிறேன். இன்று அனுப்பிவிடுவேன்.

எங்கள் எதிர்வீட்டில் சுந்தரலிங்கம் என்று ஒருவர், தேயிலைக் கம்பனியொன்றில் கிளாக்கர். மாத்தளைத் தோட்டத்தில் பிறந்தவர். மனைவி பாப்பம்மா, மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலுக்குப் பக்கத்து ஆள். ஊர்க்காரர்கள் என்பதால் நாங்கள் நல்ல பழக்கம். ஐம்பத்தெட்டு மே மாதம் ஒரு நாள், அஸருக்குக் கொஞ்சம் முன்பு, கூட்டம் ஒன்று காலி வீதியிலிருந்து எங்கள் லேனுக்குள் இறங்கியது. நான் கடையை மூடிவிட்டு வீட்டுக்குள் இருந்தேன். யாரோ கதவைத் தட்டினார்கள். "மஹ்ரூப் அண்ணே, நான் பாப்பம்மா, திறங்க" என்ற சத்தம். கையில் ஒரு வயதுப் பிள்ளை அழுகிறது. தாழ்ப்பாளில் கையை வைத்தேன். எடுக்கவில்லை. கூட்டம் என்னை ஒன்றும் செய்திருக்காது, என்னைத் தேடி வரவுமில்லை. பயம், றாபியா. வேறு காரணம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அவர்கள் தண்டவாளத்தைத் தாண்டிப்போய், நான் உட்காருகிற அதே பாறைக்குப் பின்னால் பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு ஒளிந்திருக்கிறார்கள். பிறகு பொலிஸ் லொறி வந்து ஏற்றிப்போனது. வீட்டுச் சாமானெல்லாம் லேனில் எரிந்தது. ஐந்து மாதம் மாத்தளையில் இருந்துவிட்டு அதே வீட்டுக்கு வந்தார்கள். நான் அன்று வீட்டில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பெருநாளைக்கும் வட்டலப்பம் அனுப்புகிறேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாங்குகிறாள்.

கதவைத் திறப்பார்களா என்று கேட்டாயே. உன் நாநாவே திறக்கவில்லை. இதற்குமேல் இங்கே வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. பின்னறையே மேல் என்று நினைத்தால் நான் குறை சொல்லமாட்டேன்.

மஹ்ரூப்


உக்குவளை
16.5.1962

மரியாதைக்குரிய பாப்பம்மா அக்காவுக்கு,

எதிர்வீட்டு மஹ்ரூபின் தங்கை றாபியா எழுதுவது. நீங்களும் வீட்டாரும் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முன்பின் தெரியாதவள் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நான் இத்தாவில் இருக்கிறேன், நேரில் வந்து கேட்க முடியாது.

என் கணவர் மௌத்தாகிவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகளோடு உங்கள் லேனில் குடியிருக்க வரலாமா என்று யோசிக்கிறேன். நாநாவிடம் கேட்டேன், கடைசியில் மெய்யை எழுதினார். அன்று அவர் கதவுக்குப் பின்னால்தான் நின்றாராம். நீங்கள் தட்டியது கேட்டதாம். இதை உங்களிடம் மறைத்து உங்களோடு பழக என்னால் முடியாது, அதனால் சொல்லிவிட்டேன்.

அக்கா, அந்த இடத்தைப்பற்றிச் சொல்ல உங்களைவிடத் தகுதியான ஆள் இல்லை. பெண் பிள்ளைகளோடு அங்கே இருக்கலாமா? நீங்கள் ஏன் திரும்பி வந்தீர்கள்?

உங்கள் ஊர்க்காரி,
றாபியா


வெள்ளவத்தை
24.5.1962

அன்புத் தங்கச்சி றாபியாவுக்கு,

பாப்பம்மா எழுதுறேன். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். ஒங்க வீட்டுக்காரர் போன சேதி கேட்டு ரொம்ப மனசு கஷ்டப்பட்டேன். எனக்கு எழுத்து நடை தெரியாது, பேசுற மாதிரிதான் எழுதுவேன்.

ஒங்க நாநா உள்ள இருந்தது எனக்கு அன்னைக்கே தெரியும். வாசல்ல செருப்பு கெடந்துச்சு. ரெண்டு தரம் தட்டுனேன். மூணாந்தரம் தட்டல. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் மூச்சு வாங்குறது கேட்டுச்சு. இந்த மனுசன் நம்மள விடப் பயந்து போயிருக்காருன்னு வெளங்கிச்சு, போயிட்டேன். கோவம் இல்லாம இல்ல. ரெண்டு வருசம் வட்டலப்பத்த வாங்கி அப்படியே வேலக்காரிக்குக் குடுத்தேன். மூணாம் வருசம் தின்னு பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு.

ஏன் திரும்பி வந்தீங்கன்னு கேட்டீங்க. வாடக கட்டுற வீடு, அவருக்கு வேல இங்க, நாங்க ஏன் போவணும்? வந்த மொத நாளு மூலை வீட்டு சிங்கள அம்மா சோறு கொண்டாந்து வச்சுட்டு அழுதாங்க. அதே லேன்லதான் எங்க சாமான நெருப்புல தூக்கிப் போட்டவனும் ஒருத்தன் இருக்கான். எனக்கு ஆளத் தெரியும். நீங்க வந்தா காட்டித் தாரேன், தெரிஞ்சு வச்சுக்கணும்.

கடல் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் வேணாம். மத்த மாசம் காலையில, முழங்காலுக்கு மேல இல்ல, நான் பக்கத்துல இருந்தா மட்டும். தண்டவாளத்துல ரெண்டு பக்கமும் பாக்கணும், எதிர்க்காத்து அடிச்சா ரயில் சத்தம் கேக்காது. கால்வாய் விழுற பக்கம் போவவே கூடாது, அழுக்கு. ஞாயித்துக்கெழம மணல் பக்கம் வேணாம். எம்மவளுக்கு இப்ப அஞ்சு வயசு. இதையெல்லாம் மனப்பாடமா சொல்லுவா. ஒங்க பீபிக்கும் சொல்லிக் குடுப்பா.

பயமில்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்க வீட்டுக் கதவு ஒங்களுக்குத் தொறக்கும். வரணும்னா வாங்க, ஸ்டேஷனுக்கு நானே வாரேன்.

அக்கா,
பாப்பம்மா


உக்குவளை
29.5.1962

அன்புள்ள நாநாவுக்கு,

ஸலாம். நாங்கள் சுகம். மதினியின் கையால் ஒரு கோப்பை இஞ்சித் தேநீர் குடிக்க ஆசையாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இத்தா முடிகிறது. திங்கட்கிழமை புறப்படுகிறோம். உங்கள் முதல் இரண்டு கடிதத்தையும் வைத்து முடிவெடுத்திருந்தால் நான் வந்திருக்கவே மாட்டேன். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுதினீர்கள், வாசிக்க வாசிக்கப் பயம்தான் கூடியது. கடல் எங்கே இழுக்கும், எந்த மாதம் இறங்கக்கூடாது, லேனில் யாரை நம்பலாம், யாரைப் பார்த்து நடக்கவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஸுலைஹா ஒரு கொப்பியில் எழுதியே வைத்துவிட்டாள்.

முடிவைச் சொன்னதும் மச்சான் இரண்டு நாள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் "அந்தப் புள்ளைக்குப் பெட்டி ஒண்ணு வேணும்தானே" என்று தன் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் அவரே கொண்டுவந்து வெள்ளவத்தை ரயிலில் ஏற்றிவிடுவார்.

நாநா, நான் பாப்பம்மா அக்காவுக்கு எழுதினேன். எல்லாவற்றையும் எழுதினேன். கோபிப்பீர்கள், கோபியுங்கள். நீங்கள் உள்ளே இருந்தது அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். நாலு வருஷமாகத் தெரிந்துகொண்டுதான் உங்கள் கையால் வட்டலப்பம் வாங்கியிருக்கிறார்.

ஸ்டேஷனுக்கு நீங்கள் வரவேண்டாம். அக்கா தன் மகளோடு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வருவார். நீங்கள் கடையை அடைத்துவிட்டு வீட்டில் இருங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்கவேண்டாம், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருங்கள். அஸர் நேரத்துக்கு நானும் ஸுலைஹாவும் பீபியும், அந்தப் பிள்ளையும், பாப்பம்மா அக்காவும் வந்து நிற்போம். அக்காதான் தட்டுவார்.

திறவுங்கள்.

உங்கள் தங்கை,
றாபியா